விளக்கு வைக்காத வீடு

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆள் ஓடுவது அஞ்சுகம் அக்கா வீட்டுக்குத்தான். அழுவதற்கு அல்ல, காப்பிக்கு. எழவு வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள் இல்லையா, அக்கா தன் வீட்டில் போட்டுத் தூக்குத் தூக்காகக் கொண்டுவந்து கொடுப்பார். எத்தனை பேர் வந்தாலும் பால் அடிப்பிடிக்காது, சர்க்கரை கூடாது, குறையாது. உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அக்கா வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார். யாராவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாலும் வாய் திறக்க மாட்டார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி எழுந்துவிடுவார்.

எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வாய் விட்டுப் பேசக் கிடைக்கிற ஒரே இடம் எழவு வீடுதான். ஒப்பாரியில் ஒருத்தி என்ன சொன்னாலும் கேள்வி கிடையாது. மாமியாரின் கொடுமையைச் சொல்லலாம், நாத்தனாரை இழுக்கலாம், கிடத்தியிருக்கிற புருஷனையே "குடிச்சுக் குடிச்சு என் குடியைக் கெடுத்தியே" என்று கேட்கலாம். மறுநாள் யாரும் அதை வாயில் எடுக்க மாட்டார்கள். எடுக்கிறவளைத்தான் தெரு காறித் துப்பும். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை என்கிற தைரியத்தில் உண்டான வழக்கம் அது. அந்தச் சலுகையைக்கூட வேண்டாம் என்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் அஞ்சுகம் அக்கா.

கோட்டுச்சேரியில் அவருக்கும் எனக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவருடைய அடுப்படி. அங்கே ஒரு பாத்திரம் விழுந்தால் இங்கே என் கால் நின்றுவிடும். அவருடைய வீட்டுக்காரர் வைத்தியலிங்கம், காரைக்காலில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் "சார்". கோயில் வரியை முதல் ஆளாகக் கொடுப்பார், தெருவில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. குழந்தைகளைக்கூட "வாங்க, போங்க" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டுக்குள்ளே குரல் தேவைப்படவில்லை. பாத்திரம் விழும், பிறகு எந்தச் சத்தமும் இருக்காது. அந்த அமைதியைக் கேட்டுப் பழகிய சுவர் என்னுடையது.

அக்கா பிறந்தது பூவம். இடது கை மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். "அடிபம்புல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லியிருந்தார், தெருவும் நம்பியது. அவருடைய அம்மா இறந்தபோது அக்கா போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நல்ல மழை, பஸ் ஓடவில்லை என்று சார் சொன்னார். பூவத்துக்குப் பஸ் இல்லாவிட்டால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். தெரு அதையும் நம்பியது. நம்புவதற்கு ஒரு செலவும் இல்லை.

ஒரே பெண் எழில்மதி. படித்தாள், மாறன் என்கிற பையனைக் கட்டினாள், இப்போது டெக்சஸில் இருக்கிறாள். அவளுக்கு அப்பா என்றால் தெய்வம். அப்பாவுக்கென்று அமெரிக்காக்காரன் ஒரு நாள் வைத்திருக்கிறானாம், வருஷா வருஷம் அந்த நாளில் சார் படத்தைப் போட்டு நாலு பத்தி இங்கிலீஷில் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசி முடிக்கும்போது "லவ் யூ டாட்" என்பாள். சாரும் கற்றுக்கொண்டுவிட்டார். "லவ் யூ டா கண்ணா" என்று, சொந்தப் பெண்டாட்டியின் பெயரைக்கூட முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டறியாத வாயால், தேன் ஒழுகச் சொல்லுவார். அக்கா பக்கத்தில் நின்று, "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்பார்.

"ஏம்மா நீ மட்டும் எதையுமே எக்ஸ்பிரஸ் பண்ண மாட்டேங்குற?" என்று எழில் கடிந்துகொள்வாள். "மனசுல இருக்குறதை ஓப்பனா பேசிடணும்மா. இங்கல்லாம் அப்படித்தான். அடக்கி வச்சாதான் வியாதி வரும்."

அக்கா சிரித்துக்கொள்வார். பேசினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அது தெரியாமலே வளர்த்ததுதான் அக்காவின் ஒரே சாமர்த்தியம். தெருவில் அத்தனை பெண்களும் தம் பிள்ளைகளிடம் புருஷனைப் பற்றிப் புலம்பியபோது, அவர் மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. "அது அப்பனை நல்லவர்னு நெனச்சுக்கிட்டு இருந்தாத்தான்டி நிம்மதியா இருக்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் என்னிடம் சொன்னது.

எழில் உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும், ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி வீடியோவில் கேட்டுவிட்டாள். சம்பந்தி முன்னால் முடியாது என்று சாரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு இரண்டு வருஷம் முன்பு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, அத்தனை தூரம் பிளேனில் வர முடியாது. ஆக, அக்கா மட்டும் தனியாக. பாஸ்போர்ட் வந்தது, சென்னைக்குப் போய் விசாவும் வாங்கியாயிற்று. டிக்கெட் போட்டாகிவிட்டது, அடுத்த மாதம் பயணம்.

அந்த நாட்களில் நான் பார்த்த அஞ்சுகம் அக்கா வேறு ஆள். எழில் சொன்னாள் என்று ஒரு ஜோடி ஷூ வாங்கி, சேலையைச் சற்றுத் தூக்கிச் சொருகிக்கொண்டு அடுப்படியிலேயே நடந்து பழகினார். டக் டக் என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அங்கே குளிருமே என்று கேட்டேன். "குளிரட்டும்டி. ஆறு மாசம். ஆறு மாசம் ஒரு டம்ளரை வைக்கிறப்ப பயப்படாம வைப்பேன்ல?" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கூடவே கலக்கமாகவும் இருந்தது, ஏனென்றால் சுவருக்கு அப்பால் இருப்பவர் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை.

இந்தப் பாஸ்போர்ட்டில்தான் வினை இருந்தது. அதில் பிறந்த தேதி என்று ஒன்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் உத்தேசமாகப் போட்டுவிட்ட தேதி. எழில் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு அறுபது ஆகிறது. எங்கள் வழக்கத்தில் அறுபது என்பது ஆம்பளைக்குத்தான். திருக்கடையூருக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு வருவார்கள், பெண்டாட்டி பக்கத்தில் உட்காருவாள். பெண்ணுக்குத் தனியாக அறுபது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. எழில் டெக்சஸில் கேள்விப்பட்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் பிறந்த நாள், சர்ப்ரைஸ் பார்ட்டி.

ஏற்பாடு கவியா. சாருடைய தங்கை மகள், காரைக்காலில் பலூன் கட்டுகிற தொழில் பார்க்கிறாள். இழிவாகச் சொல்லவில்லை, இன்றைக்கு ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவள் கையில்தான். வளைகாப்புக்கு பலூன் வளைவு, பெண் பெரியவளானால் மூன்றடுக்குக் கேக், நிச்சயதார்த்தத்தில் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டு ஆடிக்கொண்டு வருவது. பிரெஞ்சுக்காரன் இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கே உட்கார்ந்திருந்தும் எங்கள் தெருவுக்குள் நுழையாத வெள்ளைக்காரச் சம்பிரதாயம், கவியாவின் போன் வழியாக மூன்றே வருஷத்தில் நுழைந்துவிட்டது.

அவள் தெருக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினாள். "அத்தையை மாமா மதியமே டவுனுக்கு அனுப்பிடுவாங்க. அவங்க பஸ்ஸை விட்டு எறங்குறப்ப வீடு ஃபுல்லா இருட்டா இருக்கணும். எல்லாரும் உள்ள ஒளிஞ்சிருக்கணும், மூச்சு விடக் கூடாது. அத்தை கதவைத் தொறந்ததும் லைட்டு, பாப்பர், சர்ப்ரைஸ். அவங்க போன் பண்ணினா யாரும் எடுக்காதீங்க, எடுத்தா உளறிடுவீங்க."

வாடகை நாற்காலி கொண்டுவந்து இறக்கிய முகைதீன் பிச்சை அண்ணன்தான் தயங்கினார். கல்யாணத்துக்கும் எழவுக்கும் நாற்காலி போடுகிறவர் அவர். "மஃரிபு நேரத்துல வீட்டை இருட்டா வைக்காதீங்கம்மா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. உங்கள்லயும் அது வெளக்கு வைக்கிற நேரமில்ல?" என்றார்.

"அதாண்ணே த்ரில்லு," என்றாள் கவியா.

அக்கா டவுனுக்குப் போனது எழிலுக்குப் பிரசவ மருந்துச் சாமான் வாங்க. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி, சதகுப்பை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து வாங்கியிருக்கிறார். கனகாம்பரம் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டாராம், ஊருக்குப் போகிற சந்தோஷத்தில். பஸ்ஸில் ஏறியதும், புறப்பட்டாச்சு என்று சொல்ல சாருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கவியாவுக்குப் போட்டார். எனக்குப் போட்டார், என் போன் கவியாவின் பையில் இருந்தது, எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். எழிலுக்குக்கூடப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பவள், அவளும் எடுக்கவில்லை.

இறங்கி நடந்தபோது தெருவில் ஒரு ஆள் இல்லை. முனைக் கடையில் கதவு சாத்தியிருந்தது. கடைக்காரன் எங்களோடுதான் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தான். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, அவருடைய வீட்டில் மட்டும் இல்லை. வாசலில் இருபது முப்பது ஜோடிச் செருப்பு. வேலி ஓரம் அடுக்கிவைத்த நீல நாற்காலிகள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த புருஷன், யாரும் எடுக்காத போன். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதற்கு மேல் ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கவியாவுக்கு மட்டும்தான் அது பிறந்த நாளாகத் தெரிந்தது.

உள்ளே நாங்கள் இருட்டில் மூச்சுவிடாமல் இருந்தோம். கவியா கையில் டேப்லெட், அதில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்த எழில் முகம். அங்கே காலை நேரம், அவளோடு ஆபீஸ் சிநேகிதிகள் நாலைந்து பேர். இன்னொரு கட்டத்தில் மாறனின் அப்பாவும் அம்மாவும். கதவுக்கு நேராக, வீடியோ எடுக்க, கவியா இன்னொரு போனை முக்காலியில் நிறுத்தியிருந்தாள். சார் தலையில் பளபளவென்று ஒரு காகிதக் கூம்புத் தொப்பி. வாசலில் பை விழுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. யாரோ படியில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. முதலில் யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை. எத்தனை எழவு வீட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒரு முறை கேட்டதில்லை.

"போயிட்டியா... நான் ஊருக்குப் போவக் கூடாதுன்னே போயிட்டியா..."

கவியா "ஷ்ஷ், உள்ள வருவாங்க, வெயிட்" என்றாள். நான் எழுந்துவிட்டேன். கதவுக்குப் போகக் காலெடுத்து வைத்தபோது சார் எனக்கு முன்னால் போய் அதை மறித்துக்கொண்டு நின்றார். டேப்லெட் வெளிச்சத்தில் அவருடைய கை தெரிந்தது, உள்ளங்கையை எங்களுக்குக் காட்டி.

"இரும்மா," என்றார் மெதுவாக. "சொல்லட்டும்."

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கதவுக்கு வெளியே அக்கா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை அவிழ்த்துப் போட்டு, பூவைப் பிய்த்துத் தெருவில் எறிந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். நாற்பது வருஷத்துப் பாக்கி எல்லாம் ஒரேயடியாக வந்தது. "எங்கம்மா செத்த சேதி காலையிலேயே வந்துச்சே, உன் சோறு கெட்டுப்போவும்னு அந்தி வரைக்கும் மறைச்சு வச்சியே. இந்தா கெடக்குற பூவத்துல கெடந்தாளே என்னைப் பெத்தவ, மூஞ்சி பாக்க விட்டியா நீ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பம்புல விழுந்தேன், பம்புல விழுந்தேன்னு ஊரெல்லாம் சொன்னேனே. பம்பா முறுக்குச்சு என் கைய. பெத்த மவகிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா. அப்பா தங்கம் அப்பா தங்கம்னு அது சொல்றப்பல்லாம் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனேனே."

டேப்லெட்டில் எழிலின் முகம் அசையவில்லை. சம்பந்தியம்மா திரைக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கக் கூடாதா. நான் பிளேன் ஏறின மறுநாள் போயிருக்கக் கூடாதா. நாப்பது வருசம் பொறுத்தவளுக்கு ஒரு மாசம் பொறுக்க மாட்டியா நீ. இனிமே மூலையில உக்கார வச்சிடுவாங்களே, என்னைப் போவ விட மாட்டாங்களே..."

இதை அவர் பிணத்தின் முன்னால் சொல்லியிருந்தால், பெண்கள் கட்டிக்கொண்டு கூட அழுதிருப்பார்கள். பாவி எவ்வளவு தாங்கியிருக்கிறாள் என்று பேசியிருப்பார்கள். ஒரு குற்றமும் இல்லாத சொற்கள். கேட்க வேண்டிய ஆள் மட்டும் சாகாமல், தொப்பி போட்டுக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து கதவைத் தள்ளினார். சார் ஒதுங்கிக்கொண்டார். பின்னறையில் இருந்த பிள்ளைகளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை, ஒத்திகை பார்த்தபடியே செய்துவிட்டார்கள். லைட்டு எரிந்தது, பாப்பர் வெடித்தது, ஜிகினாக் காகிதம் அக்காவின் அவிழ்ந்த தலையில் கொட்டியது. சர்ப்ரைஸ் என்று கத்தினார்கள். ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டு. வாய் திறந்தபடி அக்கா நின்றார். கேக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய வாய் மெல்ல மூடியது.

சார் வெளியே போனார். தெருவில் கிடந்த பூவை எடுத்து, மண்ணைத் தட்டி, உள்ளே கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் தன் கையாலேயே அக்காவின் தலையில் வைத்தார். "வச்சுக்க," என்றார். "இருக்கேன்ல." அப்புறம் கேக்கை வெட்டச் சொல்லி ஒரு துண்டை ஊட்டிவிட்டார். அக்கா விழுங்கினார். நாங்களும் தின்றோம்; வந்திருக்கிறோம், தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள், வேறு என்ன செய்ய. டேப்லெட்டில் எழில் எப்போதோ போய்விட்டிருந்தாள்.

அன்றைக்கு இரவு சுவருக்கு அப்பால் பாத்திரம் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவர் அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் பரவாயில்லை என்று பிறகு எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கப் போனபோது எழில் பேசிக்கொண்டிருந்தாள். சார் போனைப் பிடித்திருந்தார், அக்கா எதிரில் நின்றார்.

"அம்மா, நான் உன்னை ஜட்ஜ் பண்ணல. ஆனா அது என் மொமென்ட். மாறனோட அம்மா அப்பா பாத்துட்டிருந்தாங்க, என் பிரெண்ட்ஸ் இருந்தாங்க. எனக்கு எவ்ளோ அசிங்கமா போச்சு தெரியுமா?"

"எழவு விழுந்துடுச்சுன்னு நெனச்சு..." அக்காவுக்குச் சொல் குழறியது. "அப்பா போயிட்டாங்கன்னு நெனச்சுட்டேன் எழிலு."

"அதுக்கு அப்படியெல்லாம் சொல்வாங்களா? அப்பா சொன்னாரு. கொஞ்ச நாளாவே நீ நடந்தது நடக்காததுன்னு எல்லாத்தையும் கொழப்பிக்கிறியாம். அடுப்பை அணைக்க மறந்துடறியாம். நான் கவனிக்கல, என் தப்பு."

"நான் எதையும் மறக்கல."

"மறக்குறவங்களுக்கு மறந்தது தெரியாதும்மா." குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது, அதுதான் கொடுமை. "இந்த நெலமையில நீ தனியா பிளேன்ல வந்து, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு... வேணாம்மா. எனக்கும் இப்ப பாசிட்டிவ் எனர்ஜிதான் வேணும்னு சொல்லியிருக்காங்க. மாறன் அம்மா வரேன்னுட்டாங்க. டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். நீ அடுத்த தடவை வா."

மனதில் இருப்பதை வெளியில் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவள் அவள். ஒரே ஒரு முறை சொல்லிவிட்டதற்கு அக்காவுக்குக் கிடைத்த பதில் இது. சார் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ கவலைப்படாதே. அம்மாவை நான் பாத்துக்குறேன். லவ் யூ டா கண்ணா."

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். தெருவில் கேட்பவர்களிடமெல்லாம் "அவளுக்குக் கொஞ்சம் மறதி" என்று வருத்தத்தோடு சொன்னார். தெரு நம்பியது. கையும் பம்பும் பற்றிக் காதால் கேட்டவர்கள்கூட, மறதி என்றதும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். எழில் ஞாபக சக்திக்கென்று மாத்திரை அனுப்பினாள், பெரிய டப்பா. பார்த்தால் மீன் எண்ணெய். காரைக்கால்மேட்டில் தினமும் கூடை கூடையாக மீன் ஏலம் போகிறது, அக்காவுக்கு டெக்சஸிலிருந்து மீன் எண்ணெய். சாப்பாட்டுக்குப் பிறகு சார் தன் கையால் ஒன்று எடுத்துக் கொடுப்பார், அக்கா முழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

பிரசவ மருந்தை மட்டும் அக்கா இடித்துச் சலித்துக் கிளறி டப்பாவில் போட்டுவைத்தார். தெருவில் சிந்தியது போக மிச்சம் இருந்த சாமானில். சம்பந்தியம்மா டெக்சஸுக்குப் போகும் முன் வந்து வாங்கிக்கொண்டு போனார். அக்காவின் ஷூ வாசலில் கிடந்தது. "இது எனக்குச் சரியா இருக்கும் போலருக்கே" என்று அந்த அம்மாள் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. கவியா வேலையாயிற்றே, நன்றாகத்தான் வெட்டி ஒட்டியிருந்தாள். இருட்டு அறை, கதவு திறக்கிறது, லைட்டு. வெளியே அழுத அழுகை ஒரு துளி இல்லை, சத்தம் முழுக்க எடுத்துவிட்டு ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டிருந்தாள். தலைவிரி கோலமும் கண்ணீரும் திறந்த வாயுமாக அக்கா மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வருகிறார். அந்தப் பாட்டோடு பார்த்தால் சந்தோஷம் தாங்காமல் அழுகிற தாயேதான். கடைசியில் சார் பூ வைத்துவிடுகிற இடத்தில் திரை முழுக்கச் சிவப்பு இருதயங்கள் பறந்தன. எழில் அதைத் தன் பக்கத்தில் போட்டாள். லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்களாம். எனக்கும் ஒன்றுமே தெரியாமல் பார்த்திருந்தால் கண் கலங்கியிருக்கும். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எங்கோ இருக்கிற பெண்கள் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் சார் அதைப் போட்டுக் காட்டுவார். அக்கா காப்பியை வைத்துவிட்டு, வீடியோ முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

குழந்தை பிறந்தது. பெண். கிளோயே என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கே கூப்பிட எளிதாம். அக்கா போனில் பார்த்தார்.

போன வாரம் டவுனில் நூல் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். சாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். எதிர்ப்பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"வீட்ல இல்லையாக்கா சார்?"

"இருக்காங்க," என்றார். "எடுக்க மாட்டாங்க. நான் வெளியில போனாலே அப்படித்தான். நான் போட்டுக்கிட்டே இருக்கணும், அவங்க எடுக்கக் கூடாது. நான் போடலேன்னா ஏன் போடலேன்னு கேப்பாங்க."

மூன்றாம் தடவை போட்டார். காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பயந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் பார்த்தேன். பயம் இல்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நடந்த நாட்களில் நான் பார்த்த முகம் அது.

தெருவுக்கு வந்தபோது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவருடைய வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் சாருடைய செருப்பு. அக்கா படியேறும்போது சற்று வேகமாகவே ஏறினார். நான் என் வீட்டுக் கதவைத் திறக்காமல் நின்றேன். உள்ளே சுவிட்சைத் தேடுகிற சத்தம் கேட்டது, லைட்டு எரிந்தது.

கூடத்து நாற்காலியிலிருந்து சாருடைய குரல், எப்போதும் போல் நிதானமாக.

"இன்னும் போகல."

அக்கா மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனார்.